போன் ‘வேண்டாம்’ என்கிறது, என்ன செய்ய?

நெல்லில் இலைச்சுருட்டுப் புழு, தென்னையில் வெள்ளை ஈ என்று வந்த கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த முறை நான்கு கடிதங்கள் ஏறக்குறைய ஒரே விஷயத்தைக் கேட்கின்றன: இறக்கிய ஆப்பையோ நிரலையோ போனும் கணினியும் ஓடவிடாமல் தடுக்கின்றன, தடையை எப்படி நீக்குவது? பணம் சம்பந்தப்பட்டது என்பதால் முந்திக்கொள்கிறது.

கேள்வி: அய்யா, பிஎம் கிசான் தவணை இரண்டு முறையாக வரவில்லை. எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ‘பிஎம் கிசான் புதிய பட்டியல்’ என்று ஓர் ஏபிகே கோப்பு வந்தது. அனுப்பியவர் எனக்குத் தெரிந்த பக்கத்துத் தோட்டக்காரர்தான். தொட்டால், ‘ப்ளே ப்ரொடெக்ட் இந்த ஆப்பைத் தடுத்துவிட்டது’ என்கிறது. செட்டிங்கில் அதை அணைத்துவிட்டால் ஏறிவிடும் என்று பையன் சொல்கிறான். அணைக்கலாமா?
– வாசகர், மணப்பாறை

பதில்: அணைக்க வேண்டாம். அந்தக் கோப்பை இப்போதே அழித்துவிடுங்கள்.

தவணைக்கும் அந்தக் கோப்புக்கும் சம்பந்தமே இல்லை. பிஎம் கிசான் பணம் வருடத்துக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை. அது ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்கு நேராக வந்து சேர்கிறது. போனில் ஆப் இருந்தாலும் வரும், இல்லாவிட்டாலும் வரும். பட்டன் போன் வைத்திருப்பவருக்கும் வருகிறதே! நின்றுபோனால் பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்றுதான்: இ-கேஒய்சி முடிக்கவில்லை, வங்கிக் கணக்கில் ஆதார் சேரவில்லை, நில விவரம் பதிவில் ஏறவில்லை. மூன்றையும் எந்த ஏபிகே கோப்பும் சரிசெய்யாது. பக்கத்திலுள்ள பொது சேவை மையத்தில் கைரேகை வைத்து இ-கேஒய்சி முடிக்கலாம். ஆதாரில் செல் எண் இருந்தால் பிஎம்கிசான் டாட் ஜிஓவி டாட் இன் என்ற அரசுத் தளத்திலேயே ஓடிபி வைத்து முடிக்கலாம். நில விவரத்துக்கு உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் பட்டா நகல், ஆதார், வங்கிப் புத்தகத்தோடு வாருங்கள். அரசின் உதவி எண் 155261.

ஆப் வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். முகத்தைக் காட்டி இ-கேஒய்சி செய்யும் வசதி ஆப்பில் இருக்கிறது, கைரேகை தேய்ந்துபோன வயதானவர்களுக்கு அது உதவிதான். ஆனால் அரசின் ஆப் ப்ளே ஸ்டோரிலேயே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வர வேண்டிய அவசியம் என்ன?

இப்போது உங்கள் போன் ஏன் தடுத்தது என்று பார்ப்போம். ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு ஆப்பின் மூட்டை. ப்ளே ஸ்டோரில் இருந்து இறக்கும்போது உள்ளுக்குள் வருவதும் அதே மாதிரி மூட்டைதான். வித்தியாசம், அங்கே வாசலில் ஒரு சோதனை நடக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் மூட்டைக்கு அந்தச் சோதனை இல்லை. அதனால் போன் தானே பார்க்கிறது. நம் நாட்டில் 2024-ன் கடைசியில் இருந்து கூகுள் இதை இன்னும் இறுக்கியிருக்கிறது. வாட்ஸ்அப், ப்ரவுசர் வழியாக வரும் ஆப், எஸ்எம்எஸ் படிக்கவோ, அறிவிப்புகளைப் படிக்கவோ, அக்சஸிபிலிட்டி என்கிற வசதியைப் பிடிக்கவோ அனுமதி கேட்குமானால் ஏற்றும்போதே நிறுத்திவிடுகிறது. பணம் திருடும் ஆப்புக்கு இவைதான் தேவை. எஸ்எம்எஸ் படித்தால் வங்கி அனுப்பும் ஓடிபி அவனுக்குப் போய்விடும். அக்சஸிபிலிட்டி கிடைத்தால் உங்கள் திரையில் தெரிவதை அவன் படிக்கலாம், உங்களுக்குப் பதிலாக அவனே பட்டனைத் தொடலாம். அது பார்வைக் குறை உள்ளவர்களுக்காக வைத்த வசதி. தவணைப் பட்டியல் காட்டும் ஆப்புக்கு அதில் என்ன வேலை?

பூச்சிமருந்து டப்பாவில் சிவப்பு முக்கோணம் இருந்தால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு அடிப்பீர்களா? உங்கள் மகன் சொல்வது கிட்டத்தட்ட அதுதான். அவனைத் திட்டாதீர்கள், இன்டர்நெட்டில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள்.

அனுப்பியவர் தெரிந்தவர் என்கிறீர்கள். அதில்தான் ஏமாறுகிறோம். இந்த மாதிரி ஆப் ஏறிய போன், அதன் சொந்தக்காரருக்கே தெரியாமல் அவருடைய வாட்ஸ்அப் குழுக்களுக்கெல்லாம் அதே கோப்பை அனுப்பிவிடும். அந்தத் தோட்டக்காரரை நேரில் பார்த்து, ‘நீங்கள்தான் அனுப்பினீர்களா?’ என்று கேளுங்கள். இல்லை என்றால் அடுத்த கேள்விக்கான பதிலை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: சார், அம்மாவின் போனில் இதே மாதிரி கிசான் ஆப் ஒன்றைத் தடையை அணைத்துவிட்டு ஏற்றிவிட்டோம். ஆதார் எண், கணக்கு எண் எல்லாம் கேட்டது, கொடுத்தோம். பிறகு ஐகானையே காணவில்லை. மகளிர் குழுவில் எல்லோருக்கும் அம்மா எண்ணில் இருந்து கோப்பு போயிருக்கிறது. கணக்கில் பயிர்க்கடன் பணம் இருக்கிறது.
– வாசகி, சங்கராபுரம்

பதில்: இதழ் கைக்கு வருவதற்குள் பணம் போய்விடும் என்பதால் இவருக்கு அன்றே போனில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். வரிசை முக்கியம், மாற்றாதீர்கள்.

முதல் வேலை, அந்தப் போனின் நெட்டையும் வைஃபையையும் அணைத்து, சிம்மைக் கழற்றிவிடுவது. கழற்றிய சிம்மை ஒரு பட்டன் போனில் போடுங்கள். இனி வரும் ஓடிபி அந்தப் பட்டன் போனுக்கு வரும், அங்கே எந்தத் திருட்டு ஆப்பும் இல்லை. வங்கிக்குப் பேசவும் அந்த எண்ணே உதவும். இதற்கு ஐந்து நிமிடம் போதும், பாதி ஆபத்து இதிலேயே குறைகிறது.

அடுத்து வங்கி. வங்கிப் புத்தகத்திலோ ஏடிஎம் அட்டையின் பின்பக்கத்திலோ அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு மட்டும் பேசுங்கள். கூகுளில் தேடி வரும் ‘வாடிக்கையாளர் சேவை எண்’ வேண்டாம், அங்கேயும் ஒருவன் உட்கார்ந்திருப்பான். அட்டை, யுபிஐ, நெட் பேங்கிங் மூன்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். புகார் எண்ணையும் பேசிய நேரத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனாலும், வங்கிக்குத் தகவல் சொன்ன பிறகு நடக்கும் நஷ்டம் வங்கியைச் சேரும் என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆகவே எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதற்குக் காசு மதிப்பு உண்டு. மறுநாள் கிளைக்குப் போய் எழுத்திலும் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிவிடுங்கள்.

பணம் ஏற்கெனவே போயிருந்தால் 1930. சைபர் குற்ற உதவி எண். பணம் ஒரு கணக்கில் இருந்து அடுத்த கணக்குக்கு ஓடுவதற்குள் அங்கங்கே நிறுத்தி வைக்கப் பார்ப்பார்கள். அதனால் வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் கழித்துச் சொல்வதில் பயன் குறைவு. வீட்டில் யார் திட்டுவார்களோ என்று மறைப்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் போனைக் கையில் எடுக்க வேண்டும். ஐகான் மறைந்தாலும் செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலில் பெயர் இருக்கும், அங்கே அன்இன்ஸ்டால் செய்யலாம். அந்தப் பட்டன் மங்கலாக இருந்து வேலை செய்யாவிட்டால், ‘டிவைஸ் அட்மின்’ என்ற இடத்தில் அது உரிமை வாங்கி வைத்திருக்கிறது என்று அர்த்தம். அங்கே டிக்கை எடுத்துவிட்டு வந்து நீக்குங்கள். என் யோசனை, அதோடு நிற்காமல் போட்டோக்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு போனை முழுதாக ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுவது. அதற்கு முன் கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு தெரியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ரீசெட் ஆன போன் திறக்காது. வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ என்ற இடத்தில் தெரியாத கணினி ஏதாவது இருந்தால் வெளியேற்றுங்கள். அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கலாம், ##002# என்று அழுத்தி டயல் செய்தால் எல்லாத் திருப்பலும் ரத்தாகும்.

மகளிர் குழுவில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் குரலில் பேசிச் சொல்லுங்கள். எழுத்தில் அனுப்பினால் அதையும் ஆப்தான் அனுப்பியது என்று நினைப்பார்கள்.

கேள்வி: கிணற்று மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறேன். கம்பெனி மெக்கானிக் அதற்கான ஆப்பை ஏபிகேவாக வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பழைய போனில் ஓடியது. புதுப் போனில் ‘பழைய ஆண்ட்ராய்டுக்காகச் செய்த ஆப்’ என்று சொல்லி ஏற்ற மறுக்கிறது. இதுவும் திருட்டு ஆப்பா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: முதல் கடிதத்துக்குச் சொன்ன பதிலை அப்படியே உங்களுக்கும் சொன்னால் அநியாயம். ஸ்டார்ட்டர், சொட்டுநீர்க் கட்டுப்பாட்டுப் பெட்டி விற்கும் சிறு கம்பெனிகள் சில, ஆப்பை ப்ளே ஸ்டோரில் வைக்காமல் கையில் கொடுத்துவிடுவது உண்டு. சோம்பல்தான், திருட்டு என்று சொல்லிவிட முடியாது.

உங்களுக்கு வந்த செய்தியும் வேறு வகை. ஆண்ட்ராய்டு 14-ல் இருந்து, ஆண்ட்ராய்டு 6-க்கு முந்தைய காலக் கணக்கில் எழுதிய ஆப்களைப் போன் ஏற்றுவதில்லை. அந்தப் பழைய ஆப்கள் எல்லா அனுமதிகளையும் ஏற்றும்போதே மொத்தமாக எடுத்துக்கொள்ளும், ஒவ்வொன்றாகக் கேட்காது. அதனால் பழசு என்ற ஒரே காரணத்துக்காக நிறுத்துகிறது. இதைப் போனில் தட்டிச் சரிசெய்ய வழி இல்லை. கம்பெனிதான் புது ஆப் தர வேண்டும். ஸ்டார்ட்டர் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணுக்குப் பேசி, ப்ளே ஸ்டோரில் இருக்கிறதா, புதுப் பதிப்பு உண்டா என்று கேளுங்கள்.

இதே சாக்கில் வேறு இரண்டு செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். ‘ஆப் நாட் இன்ஸ்டால்டு’ என்று மட்டும் வந்தால் போனில் இடம் இல்லாமல் இருக்கலாம், அல்லது அதே பெயரில் பழைய ஆப் ஒன்று வேறு கையெழுத்தோடு உள்ளே இருக்கலாம். ‘பார்சிங் த பேக்கேஜ்’ என்று ஏதாவது வந்தால் கோப்பு பாதியில் அறுந்திருக்கும், அல்லது உங்கள் போனுக்குப் பொருந்தாதது. இவை எச்சரிக்கை அல்ல, கோளாறு. ‘இந்த இடத்தில் இருந்து ஆப் ஏற்ற அனுமதி இல்லை’ என்பது மூன்றாவது வகை. அது ஆளைத் தெரியாது என்கிறது, அவ்வளவே. கம்பெனியிடம் பேசி உறுதி செய்த ஆப் என்றால், வாட்ஸ்அப்புக்கு மட்டும் அந்த அனுமதியைக் கொடுத்து ஏற்றிவிட்டு, வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்ப அணைத்துவிட வேண்டும். திறந்த வாய்க்காலை மூடாமல் வீட்டுக்குப் போவதுபோல் விட்டுவிடாதீர்கள்.

ஒரு சிக்கல் உங்களுக்கு வரலாம். மோட்டார் ஆப்கள் பல எஸ்எம்எஸ் அனுப்பியும் படித்தும்தான் ஸ்டார்ட்டரோடு பேசுகின்றன. அதனால் புதுப் பதிப்பு கிடைத்தாலும், அதை வாட்ஸ்அப் வழியாக ஏற்றினால் ப்ளே ப்ரொடெக்ட் நிறுத்த வாய்ப்பு உண்டு. நல்ல ஆப்பும் திருட்டு ஆப்பும் கேட்கிற அனுமதி ஒன்றாக இருக்கும்போது போனுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அப்போதும் தடையை அணைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் பழைய போன் இன்னும் உயிரோடுதானே இருக்கிறது? அதில் ஒரு தனி சிம் போட்டு, மோட்டார் ஆப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வங்கி ஆப், ஜிபே, ஆதார் இணைத்த சிம் எதுவும் அதில் வேண்டாம். அதில் என்ன நடந்தாலும் போவது மோட்டார் மட்டும்தான். அல்லது ஆப்பையே விட்டுவிடுங்கள். சிம் போட்ட ஸ்டார்ட்டர்களில் பெரும்பாலானவை சாதாரண எஸ்எம்எஸ்ஸுக்கும் அழைப்புக்கும் ஓடும், எந்த எழுத்தை அனுப்ப வேண்டும் என்று கூடவே வந்த சிறு புத்தகத்தில் இருக்கும்.

கேள்வி: எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவன அலுவலகக் கணினியில் கைரேகைக் கருவிக்கான நிரலை இறக்கினோம். திறந்தால் நீலப் பெட்டி ஒன்று வந்து ‘விண்டோஸ் ப்ரொடெக்டட் யுவர் பிசி’ என்கிறது. சர்வீஸ் செய்யும் தம்பி வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டுப் போடலாம் என்கிறார். உறுப்பினர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.
– வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: அந்த நீலப் பெட்டியின் பெயர் ஸ்மார்ட்ஸ்கிரீன். ‘இதில் வைரஸ் இருக்கிறது’ என்று அது சொல்லவில்லை. ‘இந்தக் கோப்பை அதிகம் பேர் இறக்கி நான் பார்த்ததில்லை’ என்கிறது. புதிதாக வெளியான, அல்லது சிலர் மட்டுமே பயன்படுத்தும் நல்ல நிரலுக்கும் இது வரும். ஆகவே இங்கே கேள்வி, எங்கிருந்து இறக்கினீர்கள் என்பதுதான். கூகுளில் கருவியின் பெயரைத் தேடினால் மேலே வருவது பல நேரம் விளம்பரமாகவோ வேறு யாரோ வைத்திருக்கும் தளமாகவோ இருக்கும். கருவி வந்த பெட்டியில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பாளரின் தளத்துக்குப் போய் அங்கிருந்தே இறக்குங்கள்.

இறக்கிய கோப்பின் மேல் வலது க்ளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் திறந்தால் ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ என்று ஒரு பக்கம் இருக்கும். சான்று விதை மூட்டையில் நீல அட்டை தைத்திருப்பதுபோல, தயாரிப்பாளர் போட்ட கையெழுத்து அது. கருவிக் கம்பெனியின் பெயர் அதில் சரியாக இருந்தால், நீலப் பெட்டியில் ‘மோர் இன்ஃபோ’வைத் தொடுங்கள், ‘ரன் எனிவே’ வரும். ஓட்டலாம். கையெழுத்துப் பக்கமே இல்லை, அல்லது வேறு பெயர் இருக்கிறது என்றால் கம்பெனியிடம் பேசாமல் ஓட்டக் கூடாது. அட்டை இல்லாத விதை முளைத்தாலும் முளைக்கும், ஆனால் ஊரார் ஆதாரும் கைரேகையும் வைக்கும் கணினியில் அந்தச் சோதனை வேண்டாம்.

அந்தத் தம்பியிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்: ஸ்மார்ட்ஸ்கிரீனைத் தாண்ட வைரஸ் தடுப்பை அணைக்க வேண்டியதே இல்லை, இரண்டும் வேறு. வைரஸ் தடுப்பே ஒரு கோப்பைப் பிடித்து அழித்தால் அது கடுமையான செய்தி. விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ப்ரொடெக்ஷன் ஹிஸ்டரி’ என்ற இடத்தில் எதைப் பிடித்தது, என்ன பெயர் சொல்கிறது என்று பார்த்து, அதைப் படம் எடுத்துக் கருவிக் கம்பெனிக்கு அனுப்பிக் கேளுங்கள். ‘வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டுப் போடவும்’ என்ற குறிப்போடு வரும் கணக்கு நிரல்கள், கிராக் செய்த தமிழ்த் தட்டச்சு நிரல்கள் அலுவலகக் கணினிக்கு வரவே கூடாது. இரண்டாயிரம் மிச்சம் பிடிக்கப் போய் உறுப்பினர் பங்குத்தொகைக் கணக்கையே இழந்தால் ஆண்டுக் கூட்டத்தில் யார் பதில் சொல்வது?

கணினி புதிது, விண்டோஸ் 11 என்றால் ‘ஸ்மார்ட் ஆப் கன்ட்ரோல்’ தடுத்ததாகவும் வரலாம். அதில் ‘ரன் எனிவே’ கிடையாது. அதை அணைத்தால் பல கணினிகளில் திரும்ப ஆன் செய்ய விண்டோஸையே புதிதாகப் போட வேண்டியிருக்கும். அதனால் முதலில் கம்பெனியிடம் கையெழுத்திட்ட புதுப் பதிப்பு கேளுங்கள். ‘எஸ் மோடு’ என்று எழுதி வந்தால் அந்தக் கணினி மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் நிரல்களை மட்டுமே ஏற்கும். கைரேகைக் கருவி வைக்க அதில் இருந்து வெளியே வந்தே ஆக வேண்டும். செலவில்லை, ஆனால் வந்தால் திரும்பப் போக முடியாது. வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்டிருக்க வேண்டிய விஷயம் இது.

வரிசையில் நிற்பவர்களை அன்றைக்குப் பக்கத்துப் பொது சேவை மையத்துக்கு அனுப்பிவிடுங்கள். அவசரத்தில் ‘ரன் எனிவே’ அழுத்துவதைவிட அரை நாள் தாமதம் பரவாயில்லை.